ஆயிரத்து நாற்பது

எடை போடுகிறவன் எவனும் யோக்கியன் இல்லை என்று ஊருக்கு ஊர் ஒரு பேச்சு உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. இல்லாவிட்டால், எடை போடுகிறவர்களைக் கண்காணிப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து ஓர் ஆளை எதற்கு வைத்திருக்கிறார்கள்? அந்த ஆள்தான் இவன். பையில் எடைக்கற்களைப் போட்டுக்கொண்டு கடை கடையாகப் போவான். தட்டில் கல்லை வைத்துப் பார்ப்பான். தராசு சரியாகக் காட்டினால் அதன் அடியில் முத்திரை குத்துவான். காட்டாவிட்டால் கடைக்காரர் காலில் விழுந்தாலும் தராசு அவனோடு போய்விடும். பதினாறு வருஷமாக இதே பிழைப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சந்தையில் ஒருவருக்கும் தெரியாது. முத்திரை என்றால்தான் தெரியும். முத்திரை வருகிறான் என்ற சத்தம் கேட்டால் மீன்காரர்கள் தட்டின் ஓரத்திலிருந்து விரலை எடுத்துக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட முத்திரைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எண்ணூற்றெழுபது கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது.

பிறக்க வேண்டிய நாளுக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அவன் மனைவிக்கு ரத்த அழுத்தம் தலைக்கு ஏறி, வலிப்பு வந்து, வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். பிரசவ ஆஸ்பத்திரி சின்னது. அங்கே இவ்வளவு சின்ன உயிரை வைத்துக் காப்பாற்ற வசதி கிடையாது. ஊரின் மறுகோடியில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். தாய் இந்தக் கோடி, பிள்ளை அந்தக் கோடி. முத்திரை ஆம்புலன்ஸ் பின்னால் போனான். மனைவிக்குத் துணையாக அவனுடைய அக்கா உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் மனைவி போன் பண்ணச் சொன்னாள். அக்கா போனை அவள் காதில் வைத்துப் பிடித்தாள்.

"எவ்வளவு?" என்று கேட்டாள். முதல் வார்த்தை அதுதான். தான் யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும்.

"எண்ணூத்தி எழுபது."

"கிராமா?"

"கிராம்தான்."

"என் கைப்பை இதைவிட கனமா இருக்குமே" என்றாள். பிறகு, "போகட்டும். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது" என்றாள். அன்றிலிருந்து குழந்தைக்குக் கடுகு என்று பெயராகிவிட்டது.

அவள் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். கிளச்சும் பிரேக்கும் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்பது வருஷம் உயிரோடு இருந்தவள். "என் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டினதுல பாதிப் பேர் என்னைக் கொல்லத்தான் பார்த்தாங்க. அப்பல்லாம் வராத பிரஷர் இப்ப என்ன வந்திருக்கு?" என்று பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரிடமே சண்டைக்குப் போனாள். டாக்டர் அதற்கெல்லாம் மசியவில்லை. அக்காவைத் தனியாக அழைத்து, இந்தப் பெண்ணுக்கு அதிர்ச்சி தரும் சேதி எதையும் சொல்லிவிடாதீர்கள், இன்னொரு வலிப்பு வந்தால் தாங்காது என்று சொல்லிவிட்டார். அக்கா அதைத் தம்பிக்குச் சொன்னாள். "நல்லதை மட்டும் சொல்லுடா" என்றாள்.

நல்லதை மட்டும் சொல்வதற்கு அங்கே என்ன இருந்தது? பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நுழைய முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவர்கள் தரும் அங்கியும் செருப்பும் போட வேண்டும். உள்ளே எட்டுக் கண்ணாடிப் பெட்டிகள். மூன்றாவதில் கடுகு. வாயில் ஒரு குழாய், மூக்கில் ஒன்று, தொப்புளில் ஒன்று. நெஞ்சில் மூன்று ஒயர்கள். கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் போட்டிருந்தார்கள். தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. மூச்சை மெஷின் விட்டுக்கொண்டிருந்தது, அதுவாக விடவில்லை. பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டை வழியாக ஒரு விரலை மட்டும் விடலாம் என்றார்கள். விட்டான். அந்தக் கை முழுசும் அவன் நகத்தின் மேல் அடங்கிவிட்டது.

டாக்டரம்மா ஒவ்வொரு நாளும் வந்து ஏதோ சொல்வாள். ஆக்சிஜன் இத்தனை, அழுத்தம் இத்தனை, ரத்தத்தில் அது இத்தனை, தலையில் கொஞ்சம் ரத்தக் கசிவு. கடைசியில் ஸ்டேபிள் என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவனை முத்திரையின் கையில் கொடுத்தால் நல்லது. நல்லதா கெட்டதா என்று கேட்டால் ஸ்டேபிள். அப்படியென்றால் என்ன என்று கேட்டால் இப்போதைக்கு ஸ்டேபிள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவனுக்கு.

அந்தக் காட்டில் அவனுக்குப் புரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். கடுகு படுத்திருந்த மெத்தைக்கு அடியிலேயே ஒரு தராசு இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் வந்து, ஒயர்களையும் குழாய்களையும் ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, பொத்தானை அமுக்குவார். பெட்டியின் முகப்பில் சிவப்பு எழுத்தில் எண் விழும். எட்டேகாலுக்கு முத்திரை நடைக்கு வந்து மனைவிக்குப் போன் போடுவான். அவள் ஹலோ என்றுகூடச் சொல்ல மாட்டாள். "இன்னைக்கு எவ்வளவு?" என்பாள். அவன் எண்ணைச் சொல்வான். எண் என்பது நல்ல சேதியும் இல்லை, கெட்ட சேதியும் இல்லை, வெறும் எண். டாக்டர் போட்ட கட்டளையும் மீறப்படவில்லை, அவன் வாயில் பொய்யும் வரவில்லை.

ஆனால் எண் இறங்கியது. திங்கள் எண்ணூற்றைம்பது, செவ்வாய் எண்ணூற்று இருபத்தைந்து, புதன் எண்ணூற்றைந்து. பிறந்த குழந்தை எல்லாமே முதல் சில நாள் இறங்கித்தான் ஏறும் என்று டாக்டரம்மா சொன்னாள். அவன் காதில் அது ஏறவில்லை. மூன்று நாளில் அறுபத்தைந்து கிராம் காணோம் என்றால் சந்தையில் அவன் முதலில் என்ன பார்ப்பானோ அதைத்தான் இங்கேயும் பார்த்தான். தராசைப் பார்த்தான். மெத்தை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். பெட்டியின் சக்கரத்தைப் பார்த்தான். சரிபார்த்த தேதி ஒட்டியிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பார்த்தான்.

"என்ன சார் தேடுறீங்க?" என்றார் பெரிய சிஸ்டர்.

"இது எப்ப செக் பண்ணது?"

"எது?"

"தராசு."

பெரிய சிஸ்டருக்கு முப்பது வருஷ சர்வீஸ். சண்டை போடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறார், சாமி கும்பிடுகிற அப்பாக்களைப் பார்த்திருக்கிறார், மயங்கி விழுந்த அப்பாக்களைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறார். தராசைச் சந்தேகப்பட்ட அப்பா இவன்தான் முதல். வேறு யாராவதாக இருந்தால் வெளியே அனுப்பியிருப்பார். இவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "கல்லைக் கொண்டு வாங்க" என்றார்.

அரைக் கிலோ எஃகுக் கல். அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் போட்டு, மறுபடி துடைத்து, கடுகின் காலுக்குக் கீழே மெதுவாக வைத்தார் பெரிய சிஸ்டர். சிவப்பு எழுத்து ஓடி நின்றது. ஆயிரத்து முந்நூற்றைந்து. ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"திருப்தியா?"

"நல்ல தராசு" என்றான் முத்திரை. தொழிலில் இவ்வளவு நல்ல தராசை அவன் அதிகம் பார்த்ததில்லை. வெளியே வந்து கல்லைப் பைக்குள் போடும்போது அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தராசாவது தப்பாக இருக்கட்டும் என்று அவன் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

நடையில் பெஞ்சு போட்டிருக்கும். அங்கே ஒரு பஸ் டிரைவர் ஐந்து வாரமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய மகன் ஆறாவது பெட்டியில் இருந்தான். "கவலைய விடுங்க தம்பி. இங்க எடைதான் மார்க்கு. எடை ஏறிடுச்சுன்னா பாஸ். எங்க ஆளும் இப்படித்தான் இறங்கினான், அப்புறம் ஏறினான் பாருங்க, நிறுத்தவே முடியல" என்றார். ஒரு கிலோவைத் தாண்டினால் குழந்தையை அம்மாவின் நெஞ்சில் போடுவார்கள் என்றும் அவர்தான் சொன்னார். அதை டாக்டரம்மா சொல்லவில்லை, சிஸ்டர் சொல்லவில்லை. பஸ் டிரைவர் சொன்னார். முத்திரை அதை மனைவிக்குச் சொன்னான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "ஆயிரம். ஆயிரம் ஆனதும் நான் வர்றேன். யார் தடுக்கிறாங்கன்னு பாக்குறேன்" என்றாள்.

வியாழன் எண்ணூற்றுப் பதினைந்து. வெள்ளி எண்ணூற்றைம்பது.

ஒரே நாளில் முப்பத்தைந்து! எட்டேகால் வரை காத்திருக்கவில்லை அவன். எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கே போன் போட்டுவிட்டான். எண்ணைக் கேட்டதும் அந்தப் பக்கம் கூச்சல். "அண்ணி, முப்பத்தஞ்சு ஏறிடுச்சு! அப்படியே என்னை மாதிரி, ஃபர்ஸ்ட் கியர்லயே பறக்குறா!" அக்கா போனை வாங்கி, "நீ போய் ஏதாவது சாப்பிடு முதல்ல" என்று அழுதாள். அவன் சாப்பிட்டான். ஐந்து நாளில் முதல் தடவையாக வாய்க்கு ருசி தெரிந்தது.

பத்து மணிக்கு டாக்டரம்மா அவனை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப் போனாள். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மேஜையில் கண்ணைத் துடைக்கக் காகிதப் பெட்டி.

"குழந்தைக்குக் குடல்ல கிருமி வந்து ரத்தத்துல பரவியிருக்கு. நேத்து மத்தியானத்துலேருந்து கிட்னி வேலை செய்யல. யூரின் வரல."

"எடை ஏறியிருக்கே டாக்டர்?"

"அதான் சொல்ல வர்றேன். அது வளர்ச்சி இல்ல. நாங்க ஏத்துற மருந்தும் தண்ணியும் வெளிய போகாம உடம்புலயே நிக்குது. வீக்கம்."

அவன் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முப்பத்தைந்து கிராம் தண்ணீர். இரண்டு மேஜைக்கரண்டி.

"மருந்து குடுத்திருக்கோம். கிட்னி திரும்ப வேலை செஞ்சா ஒரு வாய்ப்பு இருக்கு. ரொம்பக் கம்மி. நான் உங்களுக்கு நம்பிக்கை குடுக்க விரும்பல. அம்மாவை இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. குழாயோடவே கையில வைக்கிறோம்."

"அவளுக்குப் பிரஷர். அதிர்ச்சி கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"நான் அந்த டாக்டர்கிட்ட பேசறேன். வீல்சேர்ல கூட்டிட்டு வரலாம்."

"ரெண்டு நாள் போகட்டும் டாக்டர்" என்றான் முத்திரை. "பிரஷர் இறங்கட்டும். நானே சொல்றேன்."

டாக்டரம்மா, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று எழுந்துவிட்டாள். அவளுக்கு இன்னும் ஏழு பெட்டி இருந்தது.

அவன் யோசிக்கத்தான் செய்தான். மனைவியின் உயிருக்காகத்தான் சொல்லவில்லை என்று தனக்குத்தானே நூறு தடவை சொல்லிக்கொண்டான். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அவனுக்கும் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டான். இருபத்து நாலு மணி நேரத்தில் அவனுக்கு இருந்த நல்ல நேரம் அந்த இரண்டு நிமிடம்தான். எண்ணைச் சொல்வதும், அவள் கூவுவதும். அவள் கூவினால் அவனுக்கும் ஒரு நொடி நிஜமாகவே குழந்தை வளர்கிற மாதிரி இருக்கும். பிள்ளைக்கு மெஷின் மூச்சுக் கொடுத்தது என்றால், அப்பனுக்கு அந்தப் போன் கொடுத்தது. அதைப் பிடுங்கிப் போட அவனுக்கு மனசு வரவில்லை. சுயநலம்தான். வேறு என்ன பெயர் வைத்தாலும் அது சுயநலம்தான்.

சனிக்கிழமை தொள்ளாயிரம்.

"தொள்ளாயிரமா! ஏங்க, நிஜமாவா?"

"நிஜம்தான்."

"தராசை நல்லாப் பாத்தீங்களா?"

"நல்ல தராசு."

"பால் குடிக்கிறாளா?"

அவள் தினமும் பால் பிழிந்து சின்னச் சின்ன பாட்டிலில் அனுப்பிக்கொண்டிருந்தாள். டிரைவிங் ஸ்கூல் கார் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். வியாழக்கிழமையோடு கடுகுக்குப் பால் நிறுத்தியாகிவிட்டது. பாட்டில்கள் குளிர்பெட்டியில் தேதி ஒட்டி வரிசையாக நின்றன. "சிஸ்டர் வாங்கி வைக்கிறாங்க" என்றான். இதுவும் உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். உண்மையை வைத்தே மறைத்தால் மறைக்கலாம் போலிருக்கிறது.

அந்த வார்டில் இன்னொரு தராசு இருந்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அதில் குழந்தைகளின் டயப்பரை எடை போடுவார்கள். காய்ந்த டயப்பர் பன்னிரண்டு கிராம். கழற்றி வைக்கும்போது இருபது காட்டினால் எட்டு கிராம் சிறுநீர் போயிருக்கிறது என்று கணக்கு. சனிக்கிழமையிலிருந்து முத்திரைக்குப் பெரிய தராசு வேண்டாத விரோதியாகிவிட்டது. சின்ன தராசின் பக்கத்திலேயே நின்றான். மூன்று மணி நேரத்துக்கு ஒரு டயப்பர். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. ஊரில் இருக்கிற அத்தனை தராசும் ஒரு கிராம்கூடக் கூட்டிக் காட்டக்கூடாது என்று பதினாறு வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவன், பதிமூன்று காட்டு, ஒரே ஒரு தடவை காட்டு என்று மனசுக்குள் கெஞ்சினான்.

ஞாயிற்றுக்கிழமை தொள்ளாயிரத்து நாற்பத்தைந்து. கடுகின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன. விலா எலும்பெல்லாம் மறைந்துவிட்டது. கணுக்காலில் கட்டியிருந்த பட்டை இறுக்க ஆரம்பித்ததால் அதை வெட்டிவிட்டுப் பெரிதாக ஒன்று கட்டினார் பெரிய சிஸ்டர். கட்டும்போது அவனைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். "இவளுக்குப் பிரஷர் நல்லா இறங்கிடுச்சுடா. நடக்கிறா. டாக்டர் போயிட்டு வரலாம்னு சொல்லிட்டார். நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா?"

சாக்கு தீர்ந்துபோயிற்று. அவன் வாயிலிருந்து முதல் பொய் வந்தது. "இப்ப இங்க ஒரு கிருமி பரவுதுன்னு வெளியாள் யாரையும் விட மாட்டேங்குறாங்க. ரெண்டு நாள் போகட்டும்."

"அம்மா எப்படிடா வெளியாள் ஆவா?"

"ரூல்ஸ்க்கா."

திங்கட்கிழமை தொள்ளாயிரத்து எண்பத்தைந்து. மனைவி எண்ணைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு முடித்ததும் அக்கா போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"டேய். நிஜத்தைச் சொல்லு. குழந்தை எப்படி இருக்கு?"

"தொள்ளாயிரத்து எண்பத்தஞ்சு."

"நான் நம்பர் கேக்கலடா."

அவன் போனை வைத்துவிட்டான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் கெட்டிக்காரனும் இல்லை, பெரும்பாலும் சொன்னது புளுகும் இல்லை. நாலு நாளைக்குத் தாங்கியது.

அன்று மத்தியானம் சின்ன தராசு பதினான்கு காட்டியது. முத்திரை பெரிய சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு! ரெண்டு கிராம் சிஸ்டர்!" சிஸ்டர் டயப்பரை விரித்துப் பார்த்தார். "தோல்லேருந்து கசியுது சார். யூரின் இல்ல" என்றார். பிறகு, அவன் இன்னும் பிடித்திருந்த கையை விடுவித்துக்கொள்ளாமல், "அவங்க அம்மாவை ஏன் சார் இன்னும் கூட்டிட்டு வரல?" என்று கேட்டார். அதற்கு அவனிடம் எண் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கே டாக்டரம்மா வந்துவிட்டாள். சின்ன அறைக்கெல்லாம் கூட்டிப் போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னாள். "இதயத்துடிப்பு இறங்கிட்டே வருது. மருந்துக்கு அசையல. இதுக்கு மேல செய்ய எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. இன்னைக்கு அம்மா வரணும். இனிமே தள்ளாதீங்க."

எட்டு மணிக்குப் பெரிய சிஸ்டர் பொத்தானை அமுக்கினார். அமுக்கியிருக்க வேண்டியதில்லை. பழக்க தோஷம். ஆயிரத்து நாற்பது என்று விழுந்தது.

நடைக்கு வந்து நின்றான். பஸ் டிரைவரின் பெஞ்சு காலியாக இருந்தது. அவர் மகன் பாஸாகி முந்தின நாளே வீட்டுக்குப் போய்விட்டான். முத்திரை போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று யோசித்தான். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று சொன்னால் என்ன? ஆயிரத்தைத் தொடவில்லை என்றால் அவள் துள்ளிக்கொண்டு வர மாட்டாள். வாழ்நாளில் முதல் தடவையாக எடையைக் குறைத்துச் சொல்ல நினைத்தான். அல்லது, ஒழுங்கான மனுஷனாக உண்மையைச் சொல்லலாம். இரண்டுக்கும் வாய் வரவில்லை.

"இன்னைக்கு எவ்வளவு?"

"ஆயிரத்து நாப்பது."

காதைக் கிழித்தது சத்தம். "ஒரு கிலோ! அண்ணி, ஒரு கிலோ தாண்டிட்டா! என் கடுகு கிலோவாயிட்டா! ஏங்க, நான் வர்றேன், இப்பவே வர்றேன்."

"வா" என்றான்.

"அப்பாடி! முத்திரை குத்தியாச்சு!" என்று சிரித்தாள். தான் சொல்லவேண்டியதை இப்படியாவது எண் சொல்லிவிடாதா என்று அவன் நினைத்திருந்தான். எண்ணுக்கு என்ன தெரியும்?

ஒன்பதரைக்கு டிரைவிங் ஸ்கூல் கார் வாசலில் வந்து நின்றது. வீல்சேரை அவன் தள்ளிக்கொண்டு போனான். அவள் அதில் உட்கார மாட்டேன் என்றுவிட்டாள். தையல் வலிக்க ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தலை சீவி, முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். வாசலில் சொல்லிவிடலாம் என்று இருந்தான். அங்கே காவலாளி நின்றான். லிஃப்டில் சொல்லலாம் என்றால் லிஃப்டில் கூட்டம். கை கழுவுகிற இடத்தில் அவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டே, "பேரை எத்தனை நாளைக்குத்தான் கடுகுன்னு வெச்சிருக்கிறது? நான் மூணு பேர் யோசிச்சு வெச்சிருக்கேன்" என்றாள். அக்கா பின்னால் நின்று தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "வந்து சொல்லுங்க" என்று அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது பெட்டியின் முன்னால் நின்று, "ஐயோ" என்றாள். சந்தோஷ ஐயோ. "கன்னத்தைப் பாருங்க! தொடையைப் பாருங்க! முதல் நாள் நீங்க அனுப்பின போட்டோல எலிக்குஞ்சு மாதிரி இருந்தா, இப்ப எப்படி கொழுகொழுன்னு ஆயிட்டா! ஏங்க, போன்ல நீங்க இதைச் சொல்லவே இல்லையே!"

பெரிய சிஸ்டர் நிமிர்ந்து முத்திரையைப் பார்த்தார். ஒரு நொடிதான். ஆனால் அவன் மனைவி ஒன்பது வருஷமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்று கண்ணாடியையும் ஒரே சமயத்தில் பார்த்துப் பழகியவள். அந்தப் பார்வையை அவள் தவறவிடவில்லை.

அவள் சிஸ்டரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் காலில் ஆள்காட்டி விரலை மெதுவாக அழுத்தி எடுத்தாள். அழுத்தின இடம் குழியாகவே நின்றது. இரண்டு மாதமாக எந்த டாக்டர் வந்தாலும் அவள் காலை இப்படித்தான் அழுத்திப் பார்த்தார்கள். இப்படித்தான் குழி நின்றது. அவளுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"தண்ணி" என்றாள்.

இன்னொரு காலையும் அழுத்தினாள். அங்கேயும் குழி நின்றது.

"இது சதை இல்ல. தண்ணி. அத்தனையும் தண்ணி."

"ஆமாம்மா" என்றாள் பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா. மீதியை அவள்தான் சொன்னாள். நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல், கிட்னி, கிருமி, இதயம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மனைவிக்கு வலிப்பு வரவில்லை. மயக்கம் வரவில்லை. கையைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில் மட்டும் முகத்தைத் திருப்பாமல் அவனிடம் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கிழமை."

"அன்னைக்கே நான் வந்திருந்தா தூக்கியிருக்கலாமா?"

இதை அவள் டாக்டரம்மாவிடம் கேட்டாள். டாக்டரம்மா முத்திரையைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "தூக்கியிருக்கலாம்" என்றாள். "அப்ப அவளுக்குக் கண்ணு திறந்திருந்துச்சு."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

அதற்கப்புறம் சண்டை எதுவும் நடக்கவில்லை. அதற்கு நேரம் இல்லை. ஒரு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு, சுற்றித் திரையை இழுத்து, அவளை உட்கார வைத்தார்கள். முதலில் குழாயோடவே கையில் வைத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து டாக்டரம்மா கேட்டாள், அவள் தலையாட்டினாள், குழாயை எடுத்துவிட்டார்கள். மெஷினை நிறுத்தினதும் அந்த மூலையே அமைதியாகிவிட்டது. பத்து நாளாக அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருந்தோம் என்பதே அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவள் குழந்தையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, யோசித்து வைத்திருந்த மூன்று பெயர்களையும் ஒவ்வொன்றாக அதன் காதில் சொன்னாள். அவனுக்குக் கேட்காதபடிக்குச் சொன்னாள். பிறகு பேசிக்கொண்டே இருந்தாள். வீட்டு ஜன்னலைப் பற்றி, காரைப் பற்றி, மழை நாளில் ரோடு வழுக்கும் என்பதைப் பற்றி, என்னென்னவோ. முத்திரை திரையோரம் நின்றிருந்தான். பக்கத்தில் போனால் விரட்டிவிடுவாள் என்று பயந்தான். போகாமல் இருந்தால் அதுவும் தப்பு என்று பயந்தான். நாற்பது நிமிடம் அப்படியே நின்றான்.

டாக்டரம்மா வந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். வெகு நேரம் கேட்டாள். மணிக்கட்டைத் திருப்பி மணி பார்த்தாள். பெரிய சிஸ்டர் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு வந்து, அவசரம் இல்லை என்பதுபோல் தள்ளி நின்றார்.

முத்திரை கிட்டே போனான். இரண்டு கையையும் நீட்டினான்.

"என்கிட்ட ஒரு தடவை குடு."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை.

"உங்களுக்குப் பத்து நாள் இருந்துச்சு" என்றாள்.

அந்தப் பத்து நாளில் ஒரு தடவைகூட அவன் குழந்தையைத் தூக்கியதில்லை. தூக்கச் சொல்லி யாரும் கொடுத்ததும் இல்லை. நான் தூக்கவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். சத்தியமான உண்மை. ஆனால் இந்த ஒரு வாரமாக அவன் அவளிடம் சொன்னதில் பெரும்பாலும் உண்மைதானே. அவன் நீட்டின கையை மடக்கிக்கொண்டான். அவள் குழந்தையின் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்து, அதைப் பெரிய சிஸ்டரின் கையில் வைத்தாள். பிறகு அவன் தோளைப் பிடிக்காமல், நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "அண்ணி, போகலாம்" என்றாள்.